வாடகை குறைவா, வழி குறைவா: சென்னையில் வீடு தேடுவோரின் கேள்விகளும் பதில்களும்

வங்கியின் வீட்டுக்கடன் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்பதால், எந்தப் பகுதியில் குடியேறலாம் என்று கேட்டுப் பலர் எழுதுகிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் வாடகையை ஒரு கணக்காகவும் பயணத்தை இன்னொரு கணக்காகவும் பார்க்கிறார்கள். இரண்டும் ஒரே கணக்கு என்பதுதான் கீழே உள்ள பதில்கள் அனைத்துக்கும் அடிப்படை.

கேள்வி: சோழிங்கநல்லூரில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மாதச் சம்பளம் 60,000 ரூபாய். கூடுவாஞ்சேரியில் 13,000 ரூபாய் வாடகையில் குடியிருக்கிறேன். இருசக்கர வண்டியில் ஒரு வழிக்கு 30 கி.மீ.; ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. வேளச்சேரிக்கு வந்தால் 14 கி.மீ., 40 நிமிடம். ஆனால் வாடகை 26,000. நண்பர்கள் மாறிவிடச் சொல்கிறார்கள். மேடவாக்கத்திலும் 18,000 ரூபாய்க்கு ஒரு வீடு பார்த்தேன். அங்கிருந்து 7 கி.மீ., 25 நிமிடம். ஆனால் இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. (கூடுவாஞ்சேரி)

பதில்: முதலில் வேளச்சேரியைப் பார்ப்போம். வாடகை 13,000 ரூபாய் கூடுகிறது. நாளொன்றுக்கு 32 கி.மீ. குறைவதால், மாதம் 22 வேலை நாளுக்கு 704 கி.மீ. மிச்சம். லிட்டருக்கு 45 கி.மீ., பெட்ரோல் விலை ஏறக்குறைய 100 ரூபாய் என்று வைத்தால் 1,560 ரூபாய். டயர், ஆயில், சர்வீஸ், வண்டியின் தேய்மானம் ஆகியவற்றுக்குக் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் சேர்த்தால் மொத்தம் 2,260 ரூபாய் அளவில் மிஞ்சும். ஆக, கையிலிருந்து கூடுதலாகப் போவது 10,740 ரூபாய். அதற்கு ஈடாக நாளொன்றுக்கு 70 நிமிடம், மாதத்துக்கு ஏறக்குறைய 26 மணி நேரம் திரும்பக் கிடைக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு 400 ரூபாய்க்கு மேல் கொடுக்கிறீர்கள். உங்கள் சம்பளத்தையே 22 நாள், நாளுக்கு ஒன்பது மணி நேரம் என்று பிரித்தால் 300 ரூபாய் அளவில்தான் வருகிறது. அந்த விலைக்கு நேரத்தை வாங்குவது உங்கள் நிலைமைக்குக் கட்டுப்படியாகாது. நண்பர்கள் சொன்னதை நான் ஏற்கவில்லை.

ஆனால் நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய மேடவாக்கம் வீட்டை இதே கணக்கில் வைத்துப் பாருங்கள். வாடகை 5,000 கூடுகிறது. நாளுக்கு 46 கி.மீ. குறைவதால் மாதம் 3,260 ரூபாய் அளவில் வண்டிச் செலவு மிஞ்சுகிறது. உண்மையான கூடுதல் செலவு 1,740 ரூபாய் மட்டுமே. கிடைக்கும் நேரமோ நாளுக்கு 100 நிமிடம், மாதத்துக்கு 36 மணி நேரத்துக்கும் மேல். அதாவது, மணிக்கு 50 ரூபாய்க்கும் குறைவு. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தொலைவைப் பார்த்த பிறகு வேறு விளக்கம் தேவையில்லை. வீடு தேடுகிறவர்கள் மிக மலிவான இடத்தையும் எல்லாரும் பெயர் சொல்லும் இடத்தையும் மட்டுமே எதிரெதிரே நிறுத்துகிறார்கள். வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தும் பெயர் பெறாத பகுதிகள் கண்ணில் படுவதில்லை. உங்களுக்கு வேளச்சேரியை விட மேடவாக்கம்தான் அலுவலகத்துக்குப் பக்கம், வாடகையும் குறைவு. பெற்றோர் உடன் இல்லையென்றால் லிஃப்ட் இல்லாததைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. அந்த 25 நிமிடம் ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போனபோது கணக்கிட்டதா என்று எனக்குத் தெரிய வேண்டும். மேடவாக்கம் சந்திப்பில் மாலை ஏழு மணிக்குத் தாம்பரம் பக்கமிருந்தும் வேளச்சேரி பக்கமிருந்தும் வண்டிகள் வந்து சேர்ந்து நிற்கும் நிலை வேறு. முன்பணம் கொடுப்பதற்கு முன், வாரநாளில் ஒரு காலையும் ஒரு மாலையும் அந்த வழியே போய்ப் பாருங்கள். கதவைப் பூட்டும் நேரத்திலிருந்து இருக்கையில் அமரும் நேரம் வரை அளக்க வேண்டும். வண்டி நிறுத்துமிடத்தில் இடம் தேடுவதும், லிஃப்டுக்குக் காத்திருப்பதும் அதில் சேர்த்தி.

கேள்வி: நேரத்துக்கு விலை போடுவது பொருந்துமா? பயணத்தில் மிச்சமாகும் ஒரு மணி நேரத்துக்கு யாரும் சம்பளம் தரப்போவதில்லையே. வாடகை மட்டும்தானே கையை விட்டுப் போகும் உண்மையான பணம்? (குரோம்பேட்டை)

பதில்: நியாயமான மறுப்பு. சம்பளத்தை நான் எடுத்துக்கொண்டது ஓர் அளவுகோலுக்காகத்தான். அந்த நேரத்தின் மதிப்பு அதை விடக் கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். பிள்ளைகள் தூங்கிய பிறகு வீட்டுக்குள் நுழைகிறவருக்கு அந்த ஒரு மணி நேரத்தின் மதிப்பு சம்பளக் கணக்கில் அடங்காது. தனியாக அறை எடுத்துத் தங்கி, வீட்டுக்கு வந்தாலும் கைப்பேசியைத்தான் பார்க்கப் போகிறேன் என்கிற இளைஞருக்கு அது குறைவு.

அலோய்ஸ் ஸ்டுட்சர், புரூனோ ஃபிரே என்னும் இரண்டு பொருளியலாளர்கள் ஜெர்மனியக் குடும்பங்களிடம் ஆண்டுதோறும் திரட்டப்பட்ட விவரங்களைக் கொண்டு இதை ஆராய்ந்தார்கள். நெடுந்தொலைவு பயணம் செய்கிறவர், அதற்கு ஈடாகக் குறைந்த வாடகையோ கூடுதல் சம்பளமோ பெற்றிருப்பார், ஆகவே மற்றவரைப் போலவே மனநிறைவோடு இருப்பார் என்பது பாடநூல் எதிர்பார்ப்பு. கிடைத்த முடிவு அப்படி இல்லை: பயண நேரம் கூடக் கூட மனநிறைவு குறைந்தே இருந்தது. வாடகை மிச்சம் முதல் நாளிலேயே கண்ணுக்குத் தெரிகிறது, களைப்பு மாதங்கள் கழித்தே தெரிகிறது என்பதையும் நான் இதற்கு ஒரு காரணமாகக் கருதுகிறேன்.

நீங்கள் குரோம்பேட்டையில் இருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லா மணி நேரமும் ஒன்றல்ல. தாம்பரத்தில் புறப்படும் மின்சார ரயிலில் ஏறுகிறவர் உட்கார்ந்து படித்துக்கொண்டோ கண்ணயர்ந்தோ எழும்பூர் வரை போய்விடுவார். அதே வண்டியில் காலை எட்டரைக்குக் குரோம்பேட்டையில் ஏறுகிறவர் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறார். ஜி.எஸ்.டி. சாலையில் இருசக்கர வண்டியில் வருகிறவருக்கு அந்த ஒரு மணி நேரம் முழுவதும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும் வேலை. ரயிலில் உட்கார்ந்து போகும் நேரத்தைப் பாதியாகவும், சாலையில் வண்டி ஓட்டும் நேரத்தை முழுமையாகவும் எண்ணிக்கொள்ளுங்கள் என்பது என் வழக்கம். இது விதி இல்லை, என் மதிப்பீடு.

கேள்வி: கணவருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை, எனக்குத் தரமணி டைடல் பார்க்கில். அம்பத்தூரில் ரயில் நிலையத்திலிருந்து 3 கி.மீ. உள்ளே வாடகைக்கு இருக்கிறோம். மாமியார் அடுத்த தெருவில் இருக்கிறார். நான்கு வயது மகளை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். நான் ஷேர் ஆட்டோவில் நிலையம் வந்து, சென்ட்ரலில் இறங்கி, பூங்கா நகர் போய்ப் பறக்கும் ரயில் பிடித்துத் திருவான்மியூரில் இறங்குகிறேன். நடுவில் ஓர் இடத்துக்கு மாறலாம் என்கிறார் கணவர். (அம்பத்தூர்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். இருவர் வேலைக்குப் போகும் வீட்டில் நிலவரைபடத்தின் நடுப்புள்ளியைத் தேடுவது இயல்புதான். ஆனால் உங்கள் வீட்டில் மூன்றாவதாக ஒருவர், ஊதியமில்லாமல், குடும்பத்தின் மிகக் கடினமான வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். வில்லிவாக்கத்துக்கோ பெரம்பூருக்கோ வந்தால் உங்களுக்குச் சில நிமிடங்கள் குறையும். மாமியாரை விட்டு வந்தால் குழந்தைக் காப்பகத்துக்கு ஒரு தொகை, அது மூடும் நேரத்துக்குள் ஓடிவர வேண்டிய பதற்றம், காய்ச்சல் வந்த நாளில் யார் விடுப்பு எடுப்பது என்கிற பேச்சு எல்லாம் சேரும். அந்த விடுப்பை எடுப்பவர் பெரும்பாலும் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

உங்கள் பயணத்தில் உங்களை அலைக்கழிப்பது ரயில் இல்லை, ரயிலுக்கு முன்னும் பின்னும் உள்ள துண்டுகள்தான். ஷேர் ஆட்டோ நிரம்பும் வரை காத்திருந்து, அது நிலையம் சேர்வதற்குள் கண்ணெதிரே வண்டி கிளம்பிவிடுகிறது; சென்ட்ரலில் இறங்கிக் கூட்டத்தோடு சுரங்கப்பாதையைக் கடந்து பூங்கா நகர் படியேறும்போது அங்கும் ஒன்று போய்விடுகிறது. ஆகவே ஊரை மாற்றாமல் வீட்டை மட்டும் மாற்றுங்கள்: அம்பத்தூரிலேயே நிலையத்துக்கு நடந்து போகும் தொலைவில், வாடகை இரண்டாயிரம் மூவாயிரம் கூடினாலும் பரவாயில்லை. கணவருக்குத் தொழிற்பேட்டை இரண்டு இடத்திலிருந்தும் பக்கம்தான். காலையில் மகளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் போவதை அவரே ஏற்றுக்கொள்ளட்டும்.

கேள்வி: பெருங்களத்தூரில் தங்கியிருக்கிறேன், கிண்டியில் வேலை. ஸ்கூட்டி வாங்கலாமா? (பெருங்களத்தூர்)

பதில்: தேவையில்லை. உங்கள் வீட்டுப் பக்கமிருந்து அலுவலகப் பக்கத்துக்கு நேரே மின்சார ரயில் இருக்கிறது. மாதச் சீட்டின் செலவு ஸ்கூட்டியின் ஒரு வாரப் பெட்ரோலோடு ஒப்பிடத் தக்கது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. தவணைக்குப் போகும் பணத்தை நிலையத்துக்கு அருகில் வீடு எடுக்கச் செலவிடுங்கள்.

கேள்வி: நாவலூரில் 60 லட்சத்துக்கு ஓர் அடுக்ககம், துரைப்பாக்கத்தில் 80 லட்சத்துக்கு ஒன்று பார்த்திருக்கிறோம். அலுவலகம் பெருங்குடி. மெட்ரோ வந்துவிட்டால் நாவலூர் பக்கமாகிவிடும் என்கிறார் விற்பனையாளர். (திருவான்மியூர்)

பதில்: மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ. நீளமுள்ள மூன்று வழித்தடங்கள். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை செல்லும் தடம் பழைய மாமல்லபுரம் சாலை வழியாகத்தான் போகிறது. திட்டம் உண்மையானது. ஆனால் முதற்கட்டத்தை நினைத்துப் பாருங்கள்: 2015 ஜூனில் கோயம்பேடு முதல் ஆலந்தூர் வரை தொடங்கி, வண்ணாரப்பேட்டை வரை முழுமையாக ஓடியது 2019 பிப்ரவரியில், விம்கோ நகர் வரை போனது 2021 பிப்ரவரியில். மெட்ரோ துண்டு துண்டாகத்தான் வந்து சேரும். உங்கள் தவணையோ அடுத்த மாதமே தொடங்கிவிடும். மேலும், மெட்ரோ வரப்போகும் செய்தியை அந்த 60 லட்சத்தில் கட்டடம் கட்டியவர் ஏற்கெனவே சேர்த்திருப்பார். இன்று ஓடும் பேருந்தையும் இன்றைய நெரிசலையும் வைத்தே முடிவு எடுங்கள்.

துரைப்பாக்கத்துக்கான கூடுதல் 20 லட்சத்தை 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக்குக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 17,350 ரூபாய் கூடும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 விழுக்காட்டில் இன்னும் 1.8 லட்சம் வரை சேரும். பெருங்குடியில் இந்த வேலை எத்தனை ஆண்டு நிலைக்கும்? மென்பொருள் துறையில் மூன்று நான்கு ஆண்டில் அலுவலகம் அம்பத்தூருக்கோ போரூருக்கோ மாறுவதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். 20 ஆண்டுக் கடனை ஓர் அலுவலக முகவரியை நம்பி வாங்கக்கூடாது. ஓராண்டு நாவலூரில் வாடகைக்கு இருங்கள். ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் அங்கே கழித்த பிறகு வாங்கத் தோன்றினால் வாங்கலாம்.

கேள்வி: வாரம் இரண்டு நாள் மட்டும் நுங்கம்பாக்கம் அலுவலகம் போக வேண்டும். செங்கல்பட்டில் சொந்தக்காரர் வீடு குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறது. (மேற்கு மாம்பலம்)

பதில்: போகலாம். மாதத்துக்கு எட்டு ஒன்பது நாள் பயணத்துக்கு இருபத்திரண்டு நாள் வாடகை கொடுக்க வேண்டியதில்லை. வழியில் வண்டி மாறாமல் நுங்கம்பாக்கம் வந்து இறங்கலாம். 2025 ஏப்ரல் முதல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே குளிர்சாதன மின்சார ரயிலும் ஓடுகிறது. ஆனால் அந்த இரண்டு நாள் ஏற்பாடு நியமனக் கடிதத்தில் இருக்கிறதா, மேலாளரின் வாய்மொழியா? வாய்மொழி என்றால் பதினொரு மாத ஒப்பந்தத்துக்கு மேல் போக வேண்டாம். பள்ளி செல்லும் பிள்ளை இருந்தால் பள்ளியையும் உடனே மாற்ற வேண்டாம்.

கேள்வி: முடிச்சூர் பக்கம் ஒரு தனி வீடு, சுற்றுவட்டாரத்தில் எங்கும் இல்லாத அளவுக்கு வாடகை குறைவு. தயங்காமல் எடுக்கலாமா? (தாம்பரம்)

பதில்: ஏன் குறைவு என்று தெரிந்துகொண்டு எடுங்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. எல்லாத் தெருவும் ஒரே மட்டமில்லை. ஆகவே தரகரை விட்டுவிட்டு, எதிர் வீட்டுக்காரரிடமும் தெருமுனைக் கடைக்காரரிடமும் 2015இல் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். கையைக் காட்டிச் சொல்வார்கள். மதில் சுவரில் புதிதாகப் பூசிய பட்டை இருந்தால் அதையும் கவனியுங்கள். கோடையில் லாரித் தண்ணீர் வாங்க நேருமா என்றும் விசாரியுங்கள். அந்தச் செலவை ஆண்டு முழுவதற்கும் பரப்பி வாடகையோடு கூட்டினால்தான் அது குறைந்த வாடகையா என்பது தெரியும்.

கேள்வி: பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிறார்கள். இதனால்தான் வீடு மாறவே முடியவில்லை. (வடபழனி)

பதில்: தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்கிறது அது. அந்த விலக்கைப் பயன்படுத்தித்தான் பலர் கூடுதலாகக் கேட்கிறார்கள். கையெழுத்திடும் முன் சட்டத்தைச் சொல்லிப் பேசிப் பாருங்கள். குறைக்கிற உரிமையாளர்கள் இருக்கிறார்கள். பழைய முன்பணம் என்றைக்குத் திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு வாரம் மூன்று முறை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் டயாலிசிஸ். வாடகை தாங்காமல் புரசைவாக்கத்திலிருந்து திருவள்ளூருக்கு மாற நினைக்கிறோம். ரயில் நேராகச் சென்ட்ரல் வருகிறதே. (புரசைவாக்கம்)

பதில்: வண்டி நேராக வருவது உண்மை, மருத்துவமனையும் எதிரிலேயே இருக்கிறது. ஆனால் சிகிச்சை முடிந்து தலைசுற்றலோடு வெளியே வரும் அம்மா, நடைமேடை வரை நடந்து, மாலைக் கூட்டத்தில் ஏறி, 40 கி.மீ.க்கு மேல் போக வேண்டும். அதை வாரம் மூன்று முறை, உடன் வருபவரின் ஒரு நாள் கூலியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். திருவள்ளூர் வேண்டாம். முதலில் மருத்துவரிடமே, உங்கள் வாடகைக்கு எட்டும் பகுதிகளுக்குப் பக்கத்தில் டயாலிசிஸ் வசதி உள்ள வேறு அரசு மருத்துவமனைக்கு மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் அந்த மருத்துவமனையைச் சுற்றி வீடு தேடுங்கள். முடியாது என்றால் வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் சிறிய வீடாகப் பாருங்கள். ஓர் அறை குறைந்தாலும் தரைத்தளமாக இருக்கட்டும்.