காற்றை விட்டது யார்?

அன்புள்ள ஐயா,

ஹாங்காங்கின் கௌலூனில் இரண்டு வருடமாக வேலை. அலுவலகத்தில் காதில் விழும் கான்டனீஸ் (அங்கே பேசும் சீன மொழி) சொற்களைக் குறித்து வைக்கிறேன். வதந்திக்கு மட்டும் 'ஃபோங் ஃபுங்', 'சௌ ஃபுங்', 'துங் சோய்', 'பாட் குவா' என்று ஏகப்பட்டவை. வம்பு பிடித்த ஜனங்கள் போலிருக்கிறது! தொனிகளைக் கற்காமல் இவற்றைப் பேசிச் சமாளிக்க முடியுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

புரளி, கிசுகிசு, கோள், பற்றவைப்பது, போட்டுக்கொடுப்பது என்றெல்லாம் வைத்திருக்கும் நாமா அவர்களை வம்பர்கள் என்பது? சொல் சேகரிக்கிறவருக்கு இந்தப் புத்தி ஆகாது. ஆனால் குறித்து வைக்கிறீர்களே, அதற்காகவே உங்களைப் பிடித்திருக்கிறது.

நான்கையும் 'வதந்தி' என்ற ஒரே டப்பாவில் போட்டதுதான் பெரிய பிழை. பாட் குவா வெறும் வம்பு, விடுங்கள். துங் சோய் என்றால் தண்ணீரைத் திறந்துவிடுவது. தேர்வில் விடையைக் கடத்துவதற்கும், ரெய்டு வருகிறது என்று முன்கூட்டிச் சொல்வதற்கும் அதுதான் சொல். அதில் பொய் எங்கே இருக்கிறது?

காற்றுக்கு வருகிறேன். 'ஃபுங்' என்றால் காற்று. நாமும் 'காற்றுவாக்கில் கேள்விப்பட்டேன்' என்கிறோம். நம் காற்று தானாக வீசுகிறது. அவர்களுடையதை ஒருவர் விடுகிறார், அது ஃபோங் ஃபுங். இன்னொருவர் வாங்குகிறார், அது சௌ ஃபுங். 2008 செப்டம்பர் 24 அன்று குறுஞ்செய்திகளை நம்பி ஹாங்காங்கில் பேங்க் ஆஃப் ஈஸ்ட் ஏசியா கிளைகளின் முன் ஜனங்கள் பணம் எடுக்க வரிசையில் நின்றார்கள். வங்கி விழவில்லை. அதுதான் வதந்தி, 'யியு யின்'. ஃபோங் ஃபுங் வேறு. மெய்யோ பொய்யோ, விட்டுப் பார்த்து, எதிரே முகங்கள் எப்படி மாறுகின்றன என்று கவனிப்பது.

நானும் கொஞ்ச காலம் அந்த ஊரில் வேலை பார்த்தவன். ஒரு சீனப் புத்தாண்டுக்கு முன்பு 'இந்த வருடம் போனஸ் கிடையாது' என்று பேச்சு கிளம்பியது. நான்தான் மேஜை மேஜையாகப் போய்ச் சொன்னேன், அவ்வளவு பதற்றம். பக்கத்தில் உட்காரும் வயதான கணக்கர் நூடுல்ஸிலிருந்து தலையைத் தூக்காமல் "ஃபோங் ஃபுங்" என்றார். எனக்கு விளங்கவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பாதி போனஸ் என்று அறிவித்தார்கள். எல்லோருக்கும் உயிர் வந்தது. மேலாளரின் அறைக்கே போய் நன்றி சொன்னவர்களில் நானும் ஒருவன். யாரோ விட்ட காற்றைச் சம்பளம் வாங்காமல் ஊதித் தள்ளியிருக்கிறேன், அப்புறம் நன்றி வேறு!

தொனியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், இல்லையா? ஆறு இருக்கின்றன, குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லின் பொருளே மாறிவிடும், தப்ப முடியாது. அன்று மாலை கணக்கரிடம் போய் நானும் "ஃபோங் ஃபுங்" என்றேன். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எந்தத் தொனியில் சொல்லித் தொலைத்தேனோ.