மேலே எறிந்த கல் எங்கே விழும்?

திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். ரொக்கெட்டும் பூமியின் சுழற்சியும் பற்றி எதையும் கேட்கலாம். ஒரே நிபந்தனை: வேகம் என்று சொன்னால், எதைச் சார்ந்த வேகம் என்றும் சொல்ல வேண்டும்.

உப்புவெளியிலிருந்து ஒருவர்: பூமி விநாடிக்கு 460 மீட்டர் வேகத்தில் கிழக்கே சுழல்கிறது. ரொக்கெட்டைத் தூக்கிவிட்டுத் தரைக்குத் திரும்பும் அடிப்பாகமான பூஸ்டர் எட்டு நிமிடம் வானில் இருக்கிறது. அதற்குள் ஏவுதளம் 220 கிலோமீட்டர் நகர்ந்துவிடுமே, சேர்? பிறகு எப்படி அங்கேயே வந்து இறங்குகிறது?

முதலில் ஒரு திருத்தம். 460 என்பது நம் ஊரின் கணக்கு. அமெரிக்காவின் ஏவுதளமான கேப் கனாவரல் 28.5 பாகை வடக்கே இருப்பதால் அங்கே ஏறத்தாழ 409 மீட்டர்தான்.

இனி விடயத்துக்கு வருவோம். மூதூருக்குப் படகில் போகும்போது ஒரு தேசிக்காயை நேரே மேலே எறிந்து பாருங்கள். காற்றில்லாத நாளென்றால் உங்கள் கையிலேயே வந்து விழும். படகின் வேகம் தேசிக்காய்க்கும் ஏற்கெனவே உண்டு. கையை விட்டதும் அது அந்த வேகத்தை இழந்துவிடுவதில்லை. இதுதான் சடத்துவம். ரொக்கெட்டும் அப்படித்தான். தரையில் நிற்கும்போதே அது தரையோடு சேர்ந்து 409 மீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வேகத்தைச் சுமந்துகொண்டுதான் மேலே போகிறது.

பூஸ்டர் திரும்பிப் பறக்க எரிபொருள் செலவழிப்பது பூமியைத் துரத்திப் பிடிக்க அல்ல. சுற்றுப்பாதைக்குப் போகும் மேற்பகுதியிலிருந்து பிரியும்போது அது தரையைச் சார்ந்து விநாடிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த ஓட்டத்தை நிறுத்தித் திசை திருப்பத்தான் இயந்திரங்கள் மறுபடி எரிகின்றன. 2015 டிசம்பரில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் பால்கன் 9 ரொக்கெட்டின் பூஸ்டர் முதன்முறை தரைக்குத் திரும்பியது இப்படித்தான். அதற்கு எரிபொருள் மிஞ்சாத பயணங்களில், போகிற போக்கிலேயே நடுக்கடலில் நிற்கும் தட்டுக் கப்பலில் இறங்குகிறது.

ஆனால் சுழற்சியால் ஒன்றுமே நடக்காது என்று நான் சொல்லவில்லை. காற்றே இல்லையென்று வைத்து, நம் ஊரிலிருந்து ஒரு பொருளை நேரே மேலே 100 கிலோமீட்டர் உயரத்துக்கு எறிந்தால், திரும்ப விழ ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக எடுக்கும். அதற்குள் தரை 130 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். பொருளோ புறப்பட்ட இடத்திலிருந்து ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் மட்டும் மேற்கே விழும். இறங்குதளத்துக்கு 2.7 கிலோமீட்டர் பெரிய பிழைதான். அதனால் வழிகாட்டும் கணினி சுழலும் பூமியை வைத்தே கணக்குப் போடுகிறது.

சாம்பல்தீவு: ஹெலிகொப்டரில் அந்தரத்தில் நின்றால் கொழும்பு தானாகக் கீழே வருமா?

வராது. மேலே தேசிக்காயைப் பார்க்கவும். அப்படியே நடந்தாலும் ஐந்தாறு நிமிடத்தில் கீழே வருவது கொழும்பு அல்ல, வில்பத்துக் காட்டுக் கரை.

நிலாவெளி: துருவங்களின் மேலாகச் சுற்றும் பாதைக்கு, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட் ஏன் நேரே தெற்கே போவதில்லை?

நாம் இருக்கிறோம், அதனால்தான். கழன்று விழும் பாகங்கள் இலங்கையின் மேல் விழக்கூடாது. எனவே முதலில் தென்கிழக்கே போய், பிறகு தெற்காக வளைகிறது. வளைவுக்கு எரிபொருள் செலவு; ஏற்றிச்செல்லும் பாரம் குறைகிறது. 2024 பெப்ரவரியில், தெற்கே திறந்த கடல் உள்ள தமிழ்நாட்டின் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதற்கு இது ஒரு முக்கிய காரணம். துருவப் பாதையில் போகிறவற்றுக்குப் பூமியின் சுழற்சி உதவாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தம்பலகாமம்: கிழக்கே ஏவினால் எவ்வளவு இலாபம்?

தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு விநாடிக்கு ஏறத்தாழ 7,800 மீட்டர் வேண்டும், பூமியின் மையத்தைச் சார்ந்து. நம் ஊரிலிருந்து ஏவினால் அதில் 460 இலவசம். இஸ்ரேல் அயல்நாடுகளின் மேல் பறக்க முடியாததால் மேற்கே மத்தியதரைக் கடலின் மேல் ஏவுகிறது. இலவசத்தை இழப்பதோடு அதே அளவைக் கையிலிருந்தும் கட்டுகிறது.

மூதூர்: நாம் எழும்பிக் குதித்தால் பூமி நகர்ந்துவிடாதா?

தேசிக்காய்.

கிண்ணியா: நீங்கள் மேலே எறிந்தது மேற்கே விழும் என்கிறீர்கள். கோபுரத்திலிருந்து விட்ட கல் கிழக்கே விழும் என்று புத்தகத்தில் இருக்கிறது. எது பொய்?

இரண்டும் உண்மை. இன்றைக்கு வந்ததில் நல்ல கேள்வி இதுதான். கோபுர உச்சி பூமியின் அச்சிலிருந்து சற்று அதிக தூரத்தில் இருப்பதால், அடிவாரத்தைவிட வேகமாகக் கிழக்கே ஓடுகிறது. விட்ட கல் அந்தக் கூடுதல் வேகத்தோடு இறங்கி முந்திவிடுகிறது. எறிந்த கல் தரையின் வேகத்தோடு புறப்பட்டு, மேலே ஏறஏற அந்த உயரத்துக்குரிய வேகத்துக்குப் பின்தங்குகிறது. இறங்கும்போது பின்தங்கல் குறைகிறதே தவிர, ஏற்கெனவே விட்ட தூரம் திரும்பக் கிடைப்பதில்லை.

அதே கிண்ணியாக்காரர்: இறங்கும்போது ஈடுகட்டிவிடும் என்றுதான் எனக்குப் படுகிறது.

வேகம் ஈடாகிறது, தூரம் ஈடாகவில்லை, தம்பி. கொழும்புக்கு உங்களோடு ஒரே வேகத்தில் வந்த பஸ் மெல்ல மெல்ல வேகம் குறைந்து, பிறகு மெல்ல மெல்ல உங்கள் வேகத்தை எட்டினால், உங்களுக்குப் பக்கத்தில் வந்துவிடுமா? பின்னாலேயேதான் நிற்கும். கணக்குப் போட்டால், ஒரே உயரத்துக்கு எறிந்த கல்லின் விலகல் விட்ட கல்லின் விலகலைப்போல நான்கு மடங்கு, எதிர்த் திசையில்.

ஓர்ஸ் ஹில்: கிண்ணியாக்காரர் சொல்வதே சரி. கோணேசர் கோயில் மலையிலிருந்து போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

போடாதீர்கள். கீழே மீனவர்கள் இருப்பார்கள். 100 மீட்டர் விழுந்தால் விலகல் 2.2 சென்ரிமீட்டர்தான்; கச்சான் காற்று அதைப் பல மடங்காக இழுத்துப் போகும். இதற்காகவே 1831இல் ஜெர்மனியில் ரைக் என்பவர் பிரைபெர்க் சுரங்கத்துக்குள் 158 மீட்டர் ஆழத்துக்குக் குண்டுகளை விட்டு அளந்தார். கிழக்கே ஏறத்தாழ 28 மில்லிமீட்டர். கணக்கும் அதையே சொல்கிறது.

மீண்டும் கிண்ணியா: பஸ் உதாரணம் புரிந்தது, சேர். நான்கு மடங்கு எப்படி வந்தது?

அதற்குத் தொகையீடு வேண்டும். கொப்பியோடு வீட்டுக்கு வாருங்கள்.

உப்புவெளி: பூமி சுழல்கிறதென்றால் பறவைகள் ஏன்...

தேசிக்காய்.