பழைய இசைத்தட்டு அட்டைப்படங்களைக் காகிதக் கலையாகச் செய்ய ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?

யோசிக்கவே வேண்டாம், ஜாய் டிவிஷன் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் 'அன்னோன் பிளெஷர்ஸ்' (1979). கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள் மலைத்தொடர் மாதிரி அடுக்கடுக்காக நிற்குமே, அதுதான். பாட்டை ஒருமுறைகூடக் கேட்காதவர்களும் அந்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

பிடித்த பாட்டு எது என்று பார்த்து அட்டையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வெட்டி ஒட்டும் வேலையில் நிறம் குழைந்து வராது. ஒரு தாள் இன்னொன்றை மறைப்பதுதான் நன்றாக வரும். இந்தப் படம் பிறந்ததே அப்படித்தான். 1967இல் ஜோஸலின் பெல் கண்டறிந்த முதல் பல்சாரின் (சுழன்றபடி சீரான இடைவெளியில் துடிப்புகளை அனுப்பும் விண்மீன்) ரேடியோ துடிப்புகள் இவை. சுமார் 1.33 நொடிக்கு ஒரு துடிப்பு, துடிப்புக்கு ஒரு கோடு, மொத்தம் 80. ஹரால்ட் கிராஃப்ட் என்ற ஆய்வு மாணவர், முன்னால் உள்ள மேடு பின்கோட்டை மறைக்கும்படி கணினியை வரையவைத்து, 1970இல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் சேர்த்தார். அங்கே அது வெள்ளையில் கறுப்பு. வடிவமைப்பாளர் பீட்டர் சாவில்தான் நிறத்தைத் தலைகீழாக்கினார்.

நான் செய்தது முழுக்க வெள்ளையில். 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) தடிமனான தாளில் 3 செ.மீ. உயரப் பட்டைகள், மேல் விளிம்பில் மட்டும் மேடு பள்ளம். 80 வேண்டாம், 30 இருந்தாலே பார்த்தவுடன் தெரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் பின்னால், மேலே நிற்கும் பட்டையை முதலில் ஒட்டி, அடுத்தடுத்ததை அரை செ.மீ. கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். பக்கவாட்டில் ஒரு விளக்கைப் போட்டால் நிழலே கோடு போட்டுவிடும், மை வேண்டாம். மேடுகளின் முனைகளில் கத்தியைத் திருப்பினால் தாள் பிசிறும். இடப்பக்கச் சரிவை முனைவரை வெட்டி நிறுத்தி, தாளைத் திருப்பிக்கொண்டு வலப்பக்கச் சரிவையும் அதே முனைக்கு வெட்டுங்கள். பிளேடை அடிக்கடி மாற்றுங்கள், அதில் கஞ்சத்தனம் கூடாது. ஃபெவிகால் ஈரத்தில் தாள் சுருளும்; இரட்டைப் பக்க டேப்தான் சரி.

அப்புறம் பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்' அட்டையில் உள்ள முப்பட்டகத்துக்குப் போகலாம். அதன் வானவில்லில் ஆறே நிறம், வண்ணத்தாளில் சுலபம். முக்கோணத்துக்குள் மங்கும் ஒளிதான் படுத்தும். பட்டர் பேப்பரை இரண்டு மூன்று அடுக்கு வைத்துச் சமாளிக்கலாம். பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' (1967) ஆசை காட்டும். பீட்டர் பிளேக்கும் ஜேன் ஹாவொர்த்தும் ஆளுயர அட்டை உருவங்களை நிஜமாகவே நிறுத்திப் படமெடுத்த அட்டை அது. வெட்டி விளையாட ஒட்டுமீசைத் தாளும் உள்ளே வந்தது. ஆனால் அத்தனை முகங்கள்! முதல் வருடம் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஃபிரேம் கடையில், கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே ஒரு செ.மீ. இடைவெளி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண்ணாடி அழுத்தினால் நிழல் போச்சு.