சென்னை – சிங்கப்பூர்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

விமானங்களுக்குப் பாதை போட்டுக் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தூரம், நேரம், காற்று பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.

எவ்வளவு தூரம் சார்?
சுமார் 2,900 கி.மீ. பறப்பது மூணேமுக்கால் மணி நேரம் போல. டிக்கெட்டில் நாலேகால் என்று வருவதில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகிற நேரமும் சேர்த்தி.

இரவு 11.30க்கு ஏறினால் காலை 6.15க்கு இறங்குகிறது. ஆறேமுக்கால் மணி நேரமா? திரும்பும்போது 8 மணிக்கு ஏறி 9.45க்கே வந்துவிடுகிறதே!
டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் மணி. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். போகும்போது அதைக் கழியுங்கள், வரும்போது கூட்டுங்கள், இரண்டும் நாலேகால்தான். 1981 வரை இந்த வித்தியாசம் இரண்டே மணி நேரம். மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் (தீபகற்பம் ஒன்று, கடலுக்கு அப்பால் போர்னியோ தீவில் ஒன்று) ஒரே நேரம் வைக்க, தீபகற்பத்தின் கடிகாரத்தை 1982 ஜனவரி 1 முதல் அரை மணி முன்னே தள்ளியது. சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது. அங்கே ஏழு மணிக்குத்தான் விடிகிறது என்று போனவர்கள் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று: 12-ஆம் தேதி 00.45 என்றால் 11-ஆம் தேதி ராத்திரியே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 12-ஆம் தேதி ராத்திரி பெட்டியோடு போய் நிற்காதீர்கள்.

திருச்சியிலிருந்து போனால் கிட்டம்தானே?
தெற்கே இருப்பதால் அப்படித் தோன்றும். ஆனால் திருச்சி சென்னைக்கு மேற்கேயும் இருக்கிறது. அதனால் 60 கி.மீ. போலக் கூடுதல்தான்.

டிக்கெட் எப்போது மலிவு?
டிராவல்ஸ்காரரைக் கேளுங்கள்.

பூமி கிழக்கே சுற்றுகிறது. அப்படியானால் கிழக்கே போகிற விமானத்துக்குச் சிங்கப்பூர் விலகிக்கொண்டே போகாதா?
போகாது. காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது, விமானம் அந்தக் காற்றுக்குள் பறக்கிறது. நேரம் மாறுவது காற்றின் வீச்சால். வட இந்தியாவுக்கு மேலே குளிர்காலத்தில் மேற்கிலிருந்து காற்று பலமாக அடிக்கும். டெல்லியிலிருந்து ஐரோப்பா போகிறவர்களுக்கு அது எதிர்காற்று. நம் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை உயரத்தில் கிழக்கிலிருந்து காற்று. அந்த மாதங்களில் சிங்கப்பூர் போக சில நிமிடம் கூடும், வரும்போது குறையும்.

ஏற்க முடியவில்லை. ஹெலிகாப்டரில் ஏறி அப்படியே நின்றால் சிங்கப்பூர் தானே வர வேண்டும்?
உங்கள் வழிக்கே வருகிறேன். காற்றே இல்லை, நீங்கள் அந்தரத்தில் அசையாமல் நிற்கிறீர்கள். தரை கிழக்கே ஓடுகிறது. அப்போது மேற்கில் இருக்கிற ஊர்தானே காலடிக்கு வரும்? பத்துப் பதினோரு நிமிடத்தில் பெங்களூரு வந்துவிடும். சிங்கப்பூருக்கு நேர் வடக்கே இருக்கிற இடம் வரவே ஏறக்குறைய ஒரு நாள் காத்திருக்கணும்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது சார். ஓடுகிற ரயிலில் குதித்தால்?
குதித்த இடத்திலேயே விழுவீர்கள். பெட்டிக்குள் காற்றும் நீங்களும் ரயில் வேகத்திலேயே போகிறீர்கள். நான் சொன்னதும் அதுதான். இத்தோடு இதை விடுவோம்.

முன்பு கப்பல் இருந்ததாமே?
எம்.வி. சிதம்பரம். நாகப்பட்டினம், பினாங்கு வழியாகப் போனது. 1985-இல் தீப்பிடித்ததோடு முடிந்தது.

காலை 10க்குக் கிளம்பி மாலை 4.45க்கு இறங்குகிறதே, ஏன் இவ்வளவு நேரம்?
மேலே இரண்டாவது பதில்.

எனக்கு 14-ஆம் தேதி 01.10 விமானம். 14 ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் போதுமா?
13 ராத்திரி! பதிமூன்று!