கேள்வி-பதில்: பழைய கேமை முடித்தால்தான் திருப்தியா?

கேள்வி: சின்ன வயதில் சூப்பர் மாரியோவை முடித்த நாள் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. போன மாதம் 80 மணி நேரம் செலவழித்து ஒரு புது ஓபன் வேர்ல்ட் கேமை (பெரிய உலகத்தில் இஷ்டம்போலச் சுற்றி ஆடுகிற வகை) முடித்தேன். பெயர்ப் பட்டியல் ஓடியது. 'சரி, அவ்வளவுதானா' என்று டிவியை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். பழைய கேம்களில்தான் உண்மையான திருப்தியா, இல்லை எனக்கு வயதாகிவிட்டதா? பழைய கன்சோல் ஒன்று வாங்கலாம் என்று யோசிக்கிறேன்.

பதில்: வயதையும் கொஞ்சம் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளி விட்டு ஓடிவந்து கன்ட்ரோலரை எடுக்கிற கையும், வேலை முடிந்து களைத்துப்போய் எடுக்கிற கையும் ஒன்றில்லை. ஆனால் பழி முழுவதையும் வயதின் தலையில் கட்ட முடியாது.

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வந்தது 1985இல். 8 உலகம், உலகத்துக்கு 4 என்று மொத்தம் 32 லெவல். கன்சோலில் செருகும் கார்ட்ரிட்ஜுக்குள் இருந்தது வெறும் 40 கிலோபைட். சேவ் என்ற பேச்சே கிடையாது, ஆரம்பத்தில் கையில் 3 உயிர். முந்தைய உலகங்களில் பல லெவல்களில் பாதி தாண்டிச் செத்தால் நடுவிலிருந்து தொடரலாம். 8ஆம் உலகத்தில் அந்தச் சலுகையும் இல்லை. எல்லா உயிரும் போனால் மறுபடி 1-1, அதாவது முதல் உலகத்தின் முதல் லெவல். (ஏ பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டைத் தட்டினால், செத்த உலகத்தின் முதல் லெவலிலிருந்து தொடங்கலாம். திரையில் எங்கும் அதை எழுதியிருக்க மாட்டார்கள். எனக்கு அது தெரியவந்தபோது அந்த கேம் வீட்டைவிட்டுப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது.) ஆக, 8-4இல் கடைசிப் பாலத்தில் நிற்கும்போது அன்று சாயங்காலம் முழுக்க ஆடியது உங்கள் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும். தொட்டால் பாலம் அறுந்து எதிரி விழும், பாலத்தின் ஓரத்தில் இருக்கும் அந்தக் கோடரியைத் தொட்ட விரல் நடுங்கியது அதனால்தான்.

நீங்கள் முடித்த புது கேமில் எந்த இடத்தில் செத்திருந்தாலும் போயிருக்கக்கூடியது இரண்டு, மூன்று நிமிடம். அதுவே தானாக சேவ் செய்துகொள்ளும். கடைசி பாஸை, அதாவது முடிவில் வரும் பெரிய எதிரியை, வீழ்த்திய பிறகும் வரைபடத்தில் நூறு குறிகள் மினுக்கிக்கொண்டிருக்கும், வா வா என்று. போதாக்குறைக்கு ஆறு மாதம் கழித்துக் கூடுதல் கதை ஒன்று விற்பனைக்கு வரும். 'முடித்துவிட்டேன்' என்று சொல்லவே விடாத பொருளை முடித்து எப்படித் திருப்தி அடைவது?

அதனால் வருடத்தைப் பார்த்து வாங்காதீர்கள். தோற்றால் கையைவிட்டு எவ்வளவு போகும் என்று விசாரித்து வாங்குங்கள். 2011இல் வந்த டார்க் சோல்ஸில், செத்தால் சேர்த்த சோல்ஸ் (அங்கே அதுதான் காசு) அத்தனையும் செத்த இடத்தில் கிடக்கும். அதைப் போய் எடுப்பதற்குள் இன்னொரு முறை செத்தால் மொத்தமும் போச்சு. அதை முடித்தவர்கள் யாரும் 'அவ்வளவுதானா' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. பழைய கேம்களின் கஷ்டத்தில் பாதி, சுத்தமான வியாபாரம். காசு போட்டு ஆடும் ஆர்கேடில் நீங்கள் சீக்கிரம் செத்தால்தான் அடுத்த காசு விழும். வீட்டுக்கு வந்தபோதும் அந்தப் பழக்கம் கூடவே வந்தது. கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸை உயிரைக் கொடுத்து முடித்தால், 'இதெல்லாம் சாத்தான் செய்த மாயை' என்று சொல்லி முதலிலிருந்து இன்னொரு முறை ஆட வைப்பார்கள். இன்றைக்கு யாராவது அப்படிச் செய்தால் அந்தப் புகார்க் கடிதம் இந்தப் பகுதிக்குத்தான் வரும். 1994இல் வந்த தி லயன் கிங் கேமில் இரண்டாவது லெவலே பலரை அழவைத்தது. அமெரிக்காவில் அப்போது கேசட் வாடகைக்கு எடுப்பதுபோல கேமையும் வாடகைக்கு எடுப்பார்கள். அந்த ஓரிரு நாளில் முடித்துவிட்டால் யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்ற கவலையில்தான் கடினமாக்கினோம் என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான லூயிஸ் காஸில் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அதை முடித்தபோது நமக்கு வந்த பெருமையில் இந்தக் கணக்குக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆனால் பற்றாக்குறையால் நல்லதும் விளைந்திருக்கிறது. 1989இல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவில் உயிருக்குப் பஞ்சமில்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் சாகலாம். நேரம்தான் 60 நிமிடம், அதற்குள் இளவரசியை மீட்க வேண்டும். செத்தால் அந்த லெவலின் தொடக்கம், கடிகாரம் மட்டும் நிற்காது. சில லெவல்கள் போன பிறகு சேவ் செய்யலாம், கரைந்த நேரமும் அதோடு சேர்ந்தே சேவ் ஆகும். நடுவில் ஒரு கண்ணாடியைப் பாய்ந்து கடக்கும்போது நாயகனின் நிழல் தனியே பிரிந்து ஓடும். 12ஆம் லெவலில் அதே நிழல் வாளோடு எதிரே வந்து நிற்கும்.

நானும் அண்ணனும் அந்த இடத்தில் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டோம். வெட்டுவேன், நான் சாவேன். இன்னும் வேகமாக வெட்டுவேன், இன்னும் வேகமாகச் சாவேன். ஒரு நாள் அண்ணன் திரையின் கீழ் ஓரத்தைக் காட்டி, "டேய், நீ அவனை வெட்டினா உனக்குத்தான்டா குறையுது" என்றான். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அப்புறம் கீழ் அம்பு விசையைத் தட்டி வாளை உறையில் போட்டேன். நிழலும் போட்டது. நடந்தேன், அதுவும் எதிரே நடந்து வந்து என்னோடு கலந்துவிட்டது. அன்றைக்கு நேரம் தீர்ந்து கேம் தோற்றுத்தான் போனது. இளவரசியைப் பார்க்க இன்னும் ஒரு வாரம் ஆனது. எனக்கு ஞாபகம் இருப்பது அந்த நிழல்தான், இளவரசி இல்லை.

அந்த நிழல் பிறந்த கதை தெரியுமா? ஆப்பிள் 2 கணினியில் புதிதாக ஒரு எதிரியை வரைந்து சேர்க்க நினைவகம் போதவில்லை. கேமை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் நாயகனின் படங்களையே மறுபடி பயன்படுத்தி நிழலாக்கிவிட்டார்.

இன்று அதே இடத்தில் ஒருவர் மாட்டினால் கை தானாக செல்போனுக்குப் போகும், அரை நிமிடத்தில் வீடியோ விடை சொல்லிவிடும். இதை கேம் மீது குற்றமாகச் சொல்ல முடியாது. கன்சோல் வாங்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள்: உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கேம்களில் சின்னதாக ஒன்றை எடுத்து, எந்த வீடியோவும் பார்க்காமல் முடியுங்கள். அதில் திருப்தி கிடைத்தால் காசு மிச்சம்.

கேள்வி: பழைய கேம்களின் தொகுப்பு ஒன்றை வாங்கினோம். அதில் ரீவைண்ட் வசதி இருக்கிறது. சாகும்போதெல்லாம் பின்னால் ஓட்டி, மகன் ஒரே சாயங்காலத்தில் கடைசி பாஸை முடித்துவிட்டு 'ஜெயித்துவிட்டேன்' என்கிறான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டில் சண்டை.

பதில்: கடைசிக் காட்சியைப் பார்த்துவிட்டான் என்று எழுதிக்கொள்ளுங்கள். நீங்களும் ரொம்ப யோக்கியம் பேச வேண்டாம். கான்ட்ரா என்ற கேமில் மேல் மேல் கீழ் கீழ் இடது வலது இடது வலது பி ஏ என்று ரகசிய வரிசையில் பட்டன் அடித்து 30 உயிர் வாங்கிய தலைமுறைதானே நாம்? அவனிடம் ஒரே ஒரு லெவலை மட்டும் ரீவைண்ட் இல்லாமல் ஆடிக் காட்டச் சொல்லுங்கள். பிடித்துப்போனால் அவனே மீதியையும் ஆடுவான்.

கேள்வி: பழைய ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ் வாங்குவதா, புது கன்சோலில் வரும் மறுபதிப்பை வாங்குவதா?

பதில்: ஆடுவதற்கு என்றால் மறுபதிப்பு. அலமாரியில் வைத்துப் பார்த்து ரசிக்க என்றால் ஒரிஜினல். சிக்கல் என்னவென்றால், நீங்கள் தேடுவது மறுபதிப்பாக வந்தே இருக்காது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் புதிதாக வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கெடுத்துச் சொன்னது.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறீர்கள் என்றால் முதலில் பேட்டரி. சேவ் வசதி உள்ள பல பழைய கார்ட்ரிட்ஜ்களில் வட்டமான பட்டன் பேட்டரி ஒன்று உள்ளே இருக்கும். அது தீர்ந்தால் சேவ் நிற்காது. போகிமான் கோல்ட், சில்வர் இரண்டிலும் உள்ளே கடிகாரம் வேறு ஓடுவதால் இன்னும் சீக்கிரம் தீரும். மாற்றலாம், ஆனால் சால்டரிங் தெரிந்த ஆள் வேண்டும். ஒரு முறை சேவ் செய்து, கார்ட்ரிட்ஜைக் கழற்றி வைத்துவிட்டு, அரை மணி கழித்துப் போட்டுப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

போலி நிறைய உலவுகிறது. வெளி லேபிளை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். விலை அதிகம் என்றால் திறந்து உள்ளே இருக்கும் போர்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கேம்பாய் கார்ட்ரிட்ஜ் என்றால் போர்டிலேயே நிண்டெண்டோ பெயர் அச்சாகியிருக்கும். படம் அனுப்பத் தயங்கும் ஆளிடம் வாங்காதீர்கள்.

அப்புறம் டிவி. பழைய கன்சோலைப் புது டிவியில் மாட்டினால், பட்டனை அழுத்துவதற்கும் மாரியோ குதிப்பதற்கும் நடுவே லேசான தாமதம் வரும். 'சின்ன வயதில் இவ்வளவு கஷ்டமாக இல்லையே' என்று தோன்றும். கஷ்டம் டிவியில் இருக்கிறது. டிவி மெனுவில் கேம் மோடைப் போட்டால் தாமதம் குறையும். டக் ஹன்ட் என்ற வாத்து சுடும் கேமின் துப்பாக்கி மட்டும் பழைய குழாய் டிவி இல்லாமல் வேலையே செய்யாது, அதை வாங்கி ஏமாறாதீர்கள்.

கேள்வி: புது கேம் வாங்கும் முன், முடித்தால் திருப்தி தருமா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: உறுதியாகத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆனால் கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் பல கேம்களுக்கு அச்சீவ்மென்ட் பட்டியல் (ஆடுபவர்கள் எதையெல்லாம் சாதித்தார்கள் என்ற கணக்கு) எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. கடைசி பாஸுக்கான வரியில் எத்தனை சதவீதம் பேர் என்று பாருங்கள், முதல் லெவலுக்கானதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் எங்கே சட்டென்று சரிகிறதோ, அங்கே கஷ்டமோ சலிப்போ இருக்கிறது. எது என்பதை விமர்சனங்களில் தேடுங்கள். கதைச் சுருக்கம் கண்ணில் பட்டால் ஓடிவிடுங்கள்.

வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். சில கேம்களில் எப்படி நடப்பது, எப்படிக் குனிவது என்று சொல்லிக்கொடுக்கவே அந்த 2 மணி நேரம் போய்விடும், கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாக ஆடவும் எப்போதும் இணையம் வேண்டும் என்று அட்டையில் எழுதியிருந்தால் யோசியுங்கள். தி க்ரூ என்ற கார் கேமின் சர்வரை 2024 மார்ச் 31இல் நிறுத்தியபோது, பாதியில் விட்டிருந்தவர்களுக்கு அது பாதியோடு நின்றது.