மருத்துவமனை பற்றியும் செவிலியர் வேலை பற்றியும் மக்களிடம் பரவலாக உள்ள தவறான எண்ணங்கள் என்னென்ன?

தென் மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியூவில் வேலை பார்த்தேன். இதே கேள்விக்கு டாக்டர்கள் வேறு மாதிரி பதில் சொல்லக்கூடும். வார்டில் நிற்கிறவளுக்குக் கண்ணில் படுவதைத்தான் நான் எழுதுகிறேன்.

முதல் இடம் சந்தேகமே இல்லாமல் ட்ரிப்ஸுக்கு. "சிஸ்டர், ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்திவிடுங்க, ஆளு தெம்பாயிருவாரு" என்று யாராவது கேட்காத நாள் கிடையாது. சரி, அந்தப் பாட்டிலுக்குள் என்னதான் இருக்கிறது? 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 500 மில்லி என்றால் 25 கிராம் சர்க்கரை, மீதியெல்லாம் தண்ணீர். நூறு கலோரிகூடத் தேறாது. இரண்டு இட்லியைச் சட்னி தொட்டுச் சாப்பிட்டால் அதைவிடக் கூடுதலாகவே உடம்பில் சேரும். நார்மல் சலைன் என்றால் அந்தச் சர்க்கரையும் இல்லை, 4.5 கிராம் உப்பு மட்டும்தான். விடாத வாந்தி, வயிற்றுப்போக்கு, டெங்கு, ஆபரேஷன், மயக்கம் என்று வாய் வழியாகக் கொடுக்க முடியாத, அல்லது கொடுத்தால் போதாத நேரத்தில் அது உயிர் காக்கும். கஞ்சி குடித்துக்கொண்டு பேரனோடு செல்போனில் பேசிக்கொண்டிருக்கும் தாத்தாவுக்கு அது தேவையே இல்லை.

தேவையில்லை என்பதோடு போனால் பரவாயில்லை. பாட்டில் மெதுவாக இறங்குகிறது என்று கூட இருப்பவர்கள் குழாயில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தச் சக்கரத்தைத் திருகிவிடுகிறார்களே, அதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. சாதாரண ட்ரிப்ஸ் குழாயில் 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. நிமிடத்துக்கு 20 சொட்டு என்று வைத்தால் ஒரு பாட்டில் முடியச் சுமார் 8 மணி நேரம் ஆகும். வேண்டுமென்றேதான் அப்படி வைக்கிறோம். இதயம் பலவீனமான, சிறுநீரகம் சரியில்லாத ஒரு வயதானவருக்கு அதையே அரை மணி நேரத்தில் இறக்கிவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு மூச்சுத் திணற ஆரம்பித்துவிடும். "சும்மா தண்ணிதானே" என்பார்கள். அந்தச் சும்மா தண்ணியால் ஐசியூவுக்குப் போனவர்கள் உண்டு.

இதோடு ஒட்டிய இன்னொன்று, கையில் போடும் வென்ஃப்ளான். பச்சை, பிங்க், நீலம், மஞ்சள் என்று நிறம் நிறமாக இருக்குமே, அது. உள்ளே ஊசி குத்தியபடியே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் கையை அசைக்காமல், விரலைக்கூட மடக்காமல், தோள் வலியோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் போட்ட அடுத்த நொடியே ஊசியை உருவி எடுத்துவிடுகிறோம். உள்ளே இருப்பது வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் குழாய். கையை மடக்கலாம், டம்ளர் பிடிக்கலாம். சோறு பிசையலாம் என்று மட்டும் சொல்ல மாட்டேன், அது நனைந்துவிடும். ஆனால் அந்த இடம் சிவந்து வலித்தாலோ வீங்கினாலோ உடனே சொல்ல வேண்டும். பலர் அதைப் பொறுத்துக்கொள்கிறார்கள், அசைப்பதற்குத்தான் பயப்படுகிறார்கள். எல்லாம் தலைகீழ்.

ட்யூபில் சின்னக் காற்றுக் குமிழி தெரிந்தால் அலறி ஓடிவருகிறார்கள். சினிமாவில் காலி சிரிஞ்சை வைத்துக் கொலை செய்வதைப் பார்த்த பயம். கை நரம்பில் போகும் அந்த மாதிரி ஒன்றிரண்டு குமிழி நுரையீரலுக்குப் போய்க் கரைந்துவிடும். கழுத்தில் போடும் பெரிய லைன் வேறு கதை, அதில் நாங்களே ரொம்ப ஜாக்கிரதையாக இருப்போம். பாட்டில் தீர்ந்ததும் குழாயில் கொஞ்சம் ரத்தம் ஏறுவதும் அப்படித்தான். அழுத்தம் குறைந்ததால் எட்டிப் பார்க்கிறது, யாரும் ரத்தத்தை உறிஞ்சவில்லை.

அடுத்து, வென்டிலேட்டர். செத்தவரை வைத்து நாலு நாள் பில் போடுவார்கள் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. அதில் 'ரமணா' படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பில் பற்றிய சந்தேகம் நியாயமானது. தனியாரில் எதற்கு எவ்வளவு என்று விவரமான பில் கேளுங்கள், தினமும் டாக்டரிடம் நிலைமையை எழுதிக்கூடக் கேளுங்கள். ஆனால் இதயம் நின்றுபோன உடம்பை வென்டிலேட்டரால் நாள் கணக்கில் வைத்திருக்க முடியாது. மெஷின் காற்றைத் தள்ளும், நெஞ்சு ஏறி இறங்கும், அவ்வளவுதான். மானிட்டரில் கோடு நேராக இருக்கும், உடம்பு சில்லிடும், சில மணி நேரத்தில் விறைக்கும். தொட்டுப் பார்க்கிற எவருக்கும் தெரிந்துவிடும்.

குழப்பம் வருவது மூளைச்சாவில். மூளை முழுக்கச் செயலிழந்த பிறகும் வென்டிலேட்டர் உதவியோடு இதயம் கொஞ்ச காலம் துடிக்கும். உடம்பு சூடாக இருக்கும், சிறுநீர்கூட வரும். அதனால்தான் அதை அறிவிப்பதற்கு 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தில் அவ்வளவு கெடுபிடி. நான்கு டாக்டர்கள் கொண்ட குழு பார்க்க வேண்டும், குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். வென்டிலேட்டரைச் சில நிமிடம் பிரித்து, தானாக ஒரு மூச்சாவது எடுக்கிறாரா என்று பார்ப்பதும் அந்தச் சோதனையில் உண்டு. 2008இல் ஹிதேந்திரன் என்ற சிறுவனின் உறுப்புகளை அவனுடைய டாக்டர் பெற்றோர் தானம் செய்த பிறகுதான் நம் ஊரில் இதைப் பற்றிச் சாதாரண ஜனங்களும் பேசத் தொடங்கினார்கள். உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை என்று 2023இல் அறிவித்தார்கள்.

இன்னொரு பக்கம், வென்டிலேட்டர் வைத்தாலே ஆள் முடிந்தார் என்று நினைப்பது. எங்கள் பகுதியில் அதற்கு நேர்மாறான உதாரணம் கட்டுவிரியன் கடி. விஷம் நரம்பும் தசையும் சேரும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கண் இமை தொங்கும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சுத் தசையும் வேலை செய்யாது. விஷமுறிவு மருந்தோடு வென்டிலேட்டரும் வைத்துச் சில நாள் தாக்குப்பிடித்தால் பலர் எழுந்து வீட்டுக்கு நடந்தே போவார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தச் சில நாளும் அவருக்கு நினைவு இருக்கலாம். கண்ணைத் திறக்க முடியாது, விரலை அசைக்க முடியாது, ஆனால் காது கேட்கும். ஐசியூவில் நான் பார்த்த ஒரு இளைஞர் அப்படித்தான் கிடந்தார். சொந்தக்காரர்கள் கட்டில் பக்கத்திலேயே நின்றுகொண்டு யாருக்குத் தகவல் சொல்வது, எந்த வண்டியில் எடுத்துப் போவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். குழாயை எடுத்த மறுநாள் அவர் தொண்டை கரகரக்க முதலில் கேட்டது, "எங்க மாமாவக் கூப்பிடுங்க." வரப்புத் தகராறு பற்றி மாமா அங்கே நின்று சொன்ன எல்லாவற்றையும் ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னார். மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நினைவில்லாதவரிடம் போய் "அண்ணே, ஊசி போடப்போறேன், கொஞ்சம் வலிக்கும்", "பாட்டி, ஒருக்களிச்சுப் படுக்க வைக்கிறோம்" என்று நாங்கள் பேசுவதைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். காரணம் இதுதான்.

செவிலியர் என்றால் டாக்டர் சொன்னதைச் செய்கிறவர் என்ற எண்ணத்துக்கு வருகிறேன். ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோ 3 வருடம், பிஎஸ்சி நர்சிங் 4 வருடம். அதில் பெரும்பகுதி எதைக் கவனிக்க வேண்டும், எதைப் போடக்கூடாது என்பதுதான். பொட்டாசியம் குளோரைடு ஊசி மருந்தை நீர்க்காமல் நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். ராத்திரி 2 மணிக்கு ஆர்டர் தெளிவாக இல்லை என்றால் டாக்டரை எழுப்பிக் கேட்பதும் எங்கள் வேலையில் சேர்த்தி. திட்டு விழும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். (யூனிஃபார்ம் போட்ட எல்லோரும் நர்ஸ் கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சின்ன கிளினிக்குகளில் ஊசி போடுபவர் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று தாராளமாகக் கேட்கலாம்.)

"மணிக்கட்டைப் பிடிச்சுப் பாத்துட்டுப் போறாங்க, வேற ஒண்ணும் பண்ணல" என்று ஒரு புகார் அடிக்கடி வரும். ஒரு சின்ன ரகசியம் சொல்கிறேன். மணிக்கட்டைப் பிடித்தபடி வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது பாதி நேரம் நாங்கள் எண்ணுவது நாடியை அல்ல, மூச்சை. மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் யாருக்கும் இயல்பாக மூச்சு வராது, அதனால் கையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பார்ப்போம். நிமிடத்துக்கு 16 என்று இருந்தது 26 ஆகியிருந்தால், பிபி நன்றாக இருந்தாலும், அவர் "நல்லாத்தான் இருக்கேன்" என்றாலும், ஏதோ சரியில்லை என்று அர்த்தம். ஒருவர் மோசமாவதைப் பல சமயம் முதலில் காட்டிக்கொடுப்பது மூச்சுதான். விடிகாலை 4 மணிக்கு எழுப்பித் தொல்லை செய்வதும் இதற்காகத்தான். தூக்கத்தைக் கெடுக்க எங்களுக்கும் ஆசையில்லை.

உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதும் அதே ரகம். கொடுத்த மருந்து, போன சிறுநீர், ஏறிய ஜுரம் எல்லாம் கேஸ் ஷீட்டில் ஏறியாக வேண்டும். எழுதாதது செய்யாததாகத்தான் கணக்கு. டூட்டி மாறும்போது இரண்டு பேர் நின்று பேசுவது அரட்டை இல்லை, எந்தப் படுக்கையில் யாருக்கு என்ன பாக்கி என்று ஒப்படைப்பது. அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம் மட்டும் குறுக்கே பேசாமல் இருந்தால் உங்களுக்குத்தான் நல்லது. ஆள் பற்றாக்குறை வேறு. பொது வார்டில் 6 நோயாளிக்கு ஒருவர், ஐசியூவில் ஒருவருக்கு ஒருவர் என்று ஏட்டில் இருக்கிறது. எந்த அரசு மருத்துவமனை வார்டுக்கும் ராத்திரியில் போய்த் தலையை எண்ணிப் பாருங்கள். எங்கள் ஆட்களிலும் எரிந்து விழுகிறவர்கள் உண்டு, அதை நான் நியாயப்படுத்தப் போவதில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் பட்டினி போடுவது கொடுமை இல்லை. மயக்க மருந்தில் தொண்டையின் காவல் போய்விடும், வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம், சாப்பாட்டுக்குக் குறைந்தது 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். பாலும் பால் கலந்த காபியும் சாப்பாட்டுக் கணக்கில்தான் வரும். "வெறும் வயித்தோட எப்படி உள்ள அனுப்புறது" என்று மகளுக்குப் போர்வைக்குள் வைத்துக் காபி கொடுக்கும் அம்மாக்களுக்குச் சொல்கிறேன்: கொடுத்துவிட்டால் மறைக்காதீர்கள். ஆபரேஷன் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசியால்தான் பத்து வருடமாக முதுகுவலி என்பதும் பெண்களிடம் ரொம்பப் பரவலான நம்பிக்கை. அந்த ஊசி மிக மெல்லியது. குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கலாம், சிலருக்கு ஓரிரு நாளில் தலைவலி வரும், அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வருடக்கணக்கான முதுகுவலிக்குக் காரணம் பெரும்பாலும் கர்ப்பத்தில் தளர்ந்த தசை, குனிந்தே பால் கொடுப்பது, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே வீட்டு வேலை எல்லாம் செய்வது. ஊசியைத் திட்டிக்கொண்டிருப்பதை விட, ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்த்துத் தசைக்கான பயிற்சியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது, ஓபி சீட்டு போட்டுக்கொண்டு போனால் போதும்.