எஞ்சின் மேஜை: ஐடிலில் உதறல், த்ராட்டிலை மூடினால் வெடி

கேள்வி: நான் ஓட்டும் செஸ்னா 172-இல் இருப்பது லைகோமிங் ஓ-320 எஞ்சின். நன்றாகச் சூடேறிய பிறகும் 650 ஆர்.பி.எம்.மில் விட்டால் உதறுகிறது. த்ராட்டிலை மூடினால் சைலன்சரில் 'டப் டப்' என்று வெடிக்கிறது. 2300-இல் ஒரு குறையும் இல்லை. பிளக்குகளுக்குப் பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களில் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கும் மேக்னெட்டோ சோதனையில், இரண்டு பக்கமும் 70 சுற்றுதான் இறங்குகிறது. எட்டு பிளக்கையும் மாற்றியாயிற்று. இப்போது கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மேக்னெட்டோ சோதனை சரி, அதிக சுற்றில் எஞ்சின் சரி, ஐடிலில், அதாவது த்ராட்டில் மூடிய குறைந்த சுற்றில், மட்டும் கோளாறு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

த்ராட்டில் மூடியிருக்கும்போது, காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை சிலிண்டருக்குப் போகும் இன்டேக் குழாய்களுக்குள் பலமான உறிஞ்சல் இருக்கும். வெளிக்காற்றின் அழுத்தத்தில் பாதிகூட உள்ளே இருக்காது. அப்போது எங்காவது மயிரிழை இடைவெளி இருந்தாலும் காற்று புகுந்து அந்தச் சிலிண்டரின் கலவையை லீனாக்கிவிடும், அதாவது பெட்ரோல் குறைந்துவிடும். அது சரியாக எரியாமல் சைலன்சருக்குப் போய், அங்கே சூட்டில் பற்றிக்கொள்ளும். உங்கள் 'டப் டப்' அதுதான். த்ராட்டிலைத் திறந்துவிட்டால் உள்ளும் வெளியும் அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். ஓட்டை இருந்தாலும் தெரியாது. 2300-இல் எஞ்சின் சாதுவாக இருப்பது இதனால்தான்.

ஆனால் ஓட்டையைத் தேடுவதற்கு முன்னால் பிரைமரை, அதாவது ஸ்டார்ட் செய்யும்போது கையால் பெட்ரோலைச் செலுத்தும் பம்பை, பாருங்கள். கைப்பிடி பூட்டாமல் நின்றாலோ, உள்ளே 'ஓ' ரிங் தேய்ந்திருந்தாலோ, அதே உறிஞ்சல் பிரைமர் வழியாகப் பெட்ரோலை இழுத்துக்கொண்டே இருக்கும். கலவையில் பெட்ரோல் மிகுந்து, ரிச்சாகி உதறும், வெடிக்கும். அரை நிமிட வேலை. அதைப் பார்க்காமல் எஞ்சினைப் பிரித்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

அடுத்து மிக்ஸ்சர் சோதனை. சூடான எஞ்சினை ஐடிலில் விட்டு, கலவையில் பெட்ரோலைக் குறைக்கும் மிக்ஸ்சர் கைப்பிடியை மெதுவாக, மிக மெதுவாக வெளியே இழுங்கள். சுற்று கொஞ்சம் ஏறி, பிறகு சாக வேண்டும். 50-க்கு மேல் ஏறினால் ஐடில் கலவை ரிச். ஏறாமலே விழுந்தால் லீன்.

லீன் என்று தெரிந்ததும், ஐடில் கலவையைக் கூட்டிக் குறைக்கும் கார்புரேட்டர் திருகில் கை வைக்கத் தோன்றும். அங்கேதான் நான் சறுக்கினேன். பல வருடம் முன்பு இதே மாதிரி உதறல். திருகைக் கொஞ்சம் ரிச் பக்கம் திருப்பினேன். எஞ்சின் பட்டு மாதிரி ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சில நாளில் வெடியோடு திரும்பி வந்தது. பிளக்குகளைக் கழற்றி, நம்பர் போட்ட தட்டில் வரிசையாக வைத்தேன். மூன்று சிலிண்டரின் பிளக்குகளில் அப்பிய கரி, விரலால் துடைத்தால் வந்தது. மூன்றாம் எண் சிலிண்டரின் இரண்டு பிளக்கும் மட்டும் பெட்ரோல் போதாமல் வெளிறிக் கிடந்தன. திருகு நான்கு சிலிண்டருக்கும் பொது, நோவோ ஒன்றுக்குத்தான். ஒருவனுக்குப் பசி என்று நாலு பேருக்கும் திணித்திருக்கிறேன்.

டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு அந்த மூன்றாம் குழாயைப் பார்த்தால், சிலிண்டரில் சேரும் இடத்தில், கேஸ்கெட்டுக்குக் கீழே, நகமளவு நீலக் கறை. 100 எல்.எல். என்னும் விமானப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் போடுவது இவ்வளவு உபகாரமாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. கேஸ்கெட்டை மாற்றி, திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். வேறெதுவும் செய்யவில்லை.

உங்கள் மெக்கானிக்கும் நான்கு குழாய்களின் இரு முனைகளையும் பார்க்கட்டும். சிலிண்டர் பக்கம் கேஸ்கெட், எஞ்சின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப் பக்கம் ரப்பர் ஹோஸும் கிளாம்பும். கறை தெரியாவிட்டால், கார்புரேட்டர் வாயில் வாக்யூம் கிளீனரின் ஊதும் பக்கத்தைப் பிடித்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவலாம். குமிழி வருமிடம்தான் குற்றவாளி. பழைய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசை மாறாமல் வைத்திருந்தால் அவையும் சாட்சி சொல்லும். தூக்கி எறிந்திருந்தால்... சரி, போகட்டும்.

கேள்வி: மேக்னெட்டோ சோதனையின்போது 1700-இல் சாவி தவறி ஆஃபுக்குப் போய்விட்டது. உடனே திருப்பிப் போட்டேன். குண்டு வெடித்த மாதிரி சத்தம். அதன்பின் எஞ்சின் நன்றாகத்தான் ஓடுகிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: எஞ்சினுக்காக அல்ல, உங்களுக்காகப் பயப்பட வேண்டும். பொறி நின்ற அந்த ஓரிரு நொடியிலும் எஞ்சின் சுற்றிக்கொண்டே எரியாத கலவையைச் சைலன்சரில் கொட்டியிருக்கிறது. சாவியைத் திருப்பியதும் மொத்தமும் வெடித்தது. அந்தச் சைலன்சரைச் சுற்றியுள்ள தகட்டு உறையில் சூடேறும் காற்றுதான் கேபின் ஹீட்டருக்கு வருகிறது. சைலன்சரில் விரிசல் விழுந்திருந்தால் ஹீட்டரைத் திறக்கும்போது கார்பன் மோனாக்சைடும் கூடவே வரும். அதற்கு வாசனை கிடையாது. உறையைக் கழற்றி, சைலன்சரின் வெல்டிங் ஓரங்களையும் உள்தடுப்புகளையும் பார்த்த பிறகே பறக்க வேண்டும்.

இனி அப்படி நடந்தால் சாவியைத் திருப்பாதீர்கள். த்ராட்டிலை மூடி, மிக்ஸ்சரை முழுதும் இழுத்து, எஞ்சினை நிற்க விடுங்கள். வேண்டுமென்றே ஆஃபைச் சோதிப்பதானால், அதாவது மேக்னெட்டோவை அணைக்கும் எர்த் வயர் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதானால், ஐடிலில் மட்டும் செய்யுங்கள். ஆஃபில் எஞ்சின் அடங்கத் தொடங்கினால் வயர் சரி. அடங்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வயர் அறுந்திருக்கிறது. அப்போது சாவி ஆஃபில் இருந்தாலும் பொறி வரும், நின்றிருக்கும் புரொப்பெல்லரைக் கையால் அசைத்தால்கூட எஞ்சின் கிளம்பலாம்.

கேள்வி: என் லைகோமிங் எஞ்சின் காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு ஓடுகிறது. ஐந்து நிமிடத்தில் தானே சரியாகிவிடுகிறது. சூடேறிய பின் பறக்கலாம் அல்லவா?

பதில்: கூடாது. மெக்கானிக்குகள் இதை மார்னிங் சிக்னஸ் என்பார்கள். நான் மசக்கை என்பேன். எக்ஸாஸ்ட் வால்வின் தண்டில் கரியும் ஈயப் படிவும் சேர்ந்து, அந்தத் தண்டு ஏறி இறங்கும் குழலான கைடு குளிர்ந்திருக்கும்போது வால்வு அதில் சிக்கிக்கொள்கிறது. இன்று தானே விடுபடும். இன்னொரு நாள் முழுதாகச் சிக்கினால், வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பியான புஷ்ராடு வளையும், அது ஆகாயத்தில் நடந்தாலும் நடக்கும். லைகோமிங்கின் 388-ஆம் எண் சர்வீஸ் புல்லட்டின்படி வால்வு கைடு இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். அதுவரை விமானம் ஹேங்கரிலேயே இருக்கட்டும்.